விளம்பரத்தில் ஒலிக்கும் பாட்டு: கூலி யாருக்கு?

நகைக்கடைக்கும் வீட்டுமனை நிறுவனத்துக்கும் மட்டுமல்ல, இன்று அரசியல் கட்சிகளுக்கும் விளம்பரம் தேவைப்படுகிறது. மக்களின் நாவில் ஏற்கெனவே குடிகொண்ட திரைப்பாடலைக் காட்சியோடு ஒட்டிவிட்டால் வேலை எளிதில் முடிந்துவிடுகிறது. முப்பது நொடிக்குள் பயன்படுத்தினால் குற்றமில்லை என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படியொரு நொடிக்கணக்கே கிடையாது.

ஒரு பாடலில் பல உரிமைகள் அடங்கியுள்ளன. வரிகளுக்கு ஒன்று, இசையமைப்புக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. ஒன்றுக்குப் பெற்ற அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது. கூட்டத்தில் ஒலிபரப்பப் பெற்ற உரிமம், அதே பாடலைக் காட்சியோடு இணைத்து விளம்பரமாக்கும் உரிமையைத் தருவதில்லை.

2022ஆம் ஆண்டில் காங்கிரஸ் கட்சி இந்த அனுபவத்தைப் பெற்றது. இந்திய ஒற்றுமைப் பயணத்தின் காணொலிகளில் 'கேஜிஎஃப் 2' படத்தின் இசையை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஓர் இசை நிறுவனம் வழக்குத் தொடுத்தது. கட்சியின் ட்விட்டர் கணக்கையே முடக்குமாறு பெங்களூரு நீதிமன்றம் ஆணையிட்டது. சர்ச்சைக்குரிய பதிவுகளை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கர்நாடக உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

பதிப்புரிமை என்பது முதலாளிகள் எழுப்பிய வேலிதானே, அதை உழைக்கும் மக்களின் கட்சி ஏன் மதிக்க வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வியில் பாதி உண்மை உள்ளது. திரைப்படத்துக்காக இயற்றப்பட்ட பாடலுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாடகருக்கு எந்த உரிமையும் இல்லாத நிலையை அதே தீர்ப்பில் சுட்டிக்காட்டி வருந்தியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இடம்பெற்றவர்.

மறுபாதி உண்மை 2012ஆம் ஆண்டின் திருத்தத்தில் இருக்கிறது. திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலாக, பாடல் வேறெங்கு பயன்பட்டாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அதை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்குமாறு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும் செல்லாது. இது படைப்பாளிகள் போராடிப் பெற்ற உரிமை. வணிகப் பயன்பாட்டில் பாடகருக்கும் பங்குண்டு. எனவே, அனுமதியின்றி எடுக்கும் ஒவ்வொரு பாடலிலும் நிறுவனத்தின் லாபத்தோடு கலைஞனின் கூலியும் சேர்ந்தே பறிபோகிறது.

இந்த உரிமையும் அனைவரையும் எட்டவில்லை. திரைப்படத்தில் தற்செயலாகப் பங்களித்து, தொழில் வழக்கப்படி பெயர் காட்டப்படாதவரைச் சட்டம் ஏறத்தாழக் கலைஞராகவே கருதுவதில்லை. ஒரு பெயரும் திரையில் வராத வாத்தியக் கலைஞர், குழுப்பாடகர் ஆகியோரின் உரிமை இந்த வரியில் சிக்கித் தவிக்கிறது. பெயர் போடுவதும் போடாததும் தயாரிப்பாளரின் கையில் இருக்கும்வரை, உரிமையும் அவர் கையிலேயே இருக்கும். இடதுசாரி இயக்கம் குரலெழுப்ப வேண்டிய இடம் இது.

அதுவரை, நம் பிரச்சாரக் காணொலிகளில் நம் கலைஞர்களே பாடட்டும். 1943இல் இந்திய மக்கள் நாடக மன்றத்தை உருவாக்கிய இயக்கத்துக்குச் சொந்தப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. பாடுபவருடன் எழுத்துவழி உடன்பாடு செய்வோம். உரிய ஊதியம் தருவோம். மிருதங்கம் வாசித்தவர் வரை அனைவரின் பெயரையும் திரையில் இடுவோம். தொழிலாளியின் கூலிக்காகக் குரல்கொடுக்கும் காணொலி, ஒரு தொழிலாளியின் கூலியைப் பறித்து உருவாகக் கூடாது.