பாலாவித் தண்ணீரும் கந்தகாட்டு முள்வேலியும்

சிவராத்திரிக்குத் திருக்கேதீஸ்வரம் போன பஸ்ஸில் நம் அங்கத்தவர் ஒருவரும் போனார், கொழுந்தெடுக்கும் தாய். நம் முன்னோர் வள்ளத்தில் வந்திறங்கி மாத்தளைக்கு நடந்த அதே மன்னார்க் கரை. 19 வயது மகனைப் பாலாவியில் முழுக வைத்து, குடத்தில் தீர்த்தம் மொண்டு, மகாலிங்கத்துக்கு அவன் கையாலேயே ஊற்ற வைத்தார். அவன் 'ஐஸ்' பாவித்தவன். இப்போது காதில் யாரோ பேசுகிறார்கள் என்கிறான்.

அந்தத் தாயின் நம்பிக்கையை நாம் குறை சொல்லவில்லை. அதற்கு முன் அவர் ஏறி இறங்கிய படிகளைக் கேளுங்கள். மனநல கிளினிக்கில், "போதையை விட்டுவிட்டுக் கூட்டி வாருங்கள்" என்றார்கள். போதைப் புனர்வாழ்வு இல்லத்தில், "மூளைக் கோளாறு உள்ளவரை எடுக்க மாட்டோம்" என்றார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் அவருக்கு ஒரு பேர் போயிற்று.

ஐஸ் சந்தேகத்தையும் இல்லாத குரல்களையும் உண்டாக்கும். சிலருக்கு மருந்தை விட்ட பின்னும் அது நிற்காது. வேறு சிலர் முன்பே இருந்த மனநோயின் வதை தாங்காமல் போதையைத் தேடியவர்கள். எது முந்தியது என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது. ஆகவே இரண்டுக்கும் ஒரே இடத்தில், ஒரே குழு வைத்தியம் பார்க்க வேண்டும். ஒன்றைத் தீர்த்துவிட்டு வா என்பது வைத்தியமல்ல, விரட்டுவது.

அரசாங்கத்துக்குத் தெரிந்த வழி வேறு. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் கட்டாய சிகிச்சைக்கு இடம் கொடுக்கிறது. முன்னாள் போராளிகளுக்குப் புனர்வாழ்வு நடத்திய கந்தகாட்டு முகாமுக்குப் பிறகு போதைக்கு அடிமையானவர்களை அனுப்பினார்கள். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள், மரணம் தொடர்பில் படையினர் கைதானார்கள். அதன் பின்னும் 2023 ஜனவரியில் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் நிறைவேறியது, டிசம்பரில் 'யுக்திய' வேட்டை தொடங்கியது. இப்படியான கட்டாய முகாம்களை மூடுங்கள் என்று ஐ.நா. அமைப்புகள் 12 சேர்ந்து 2012 இலேயே சொல்லியாயிற்று. துவக்கு ஏந்தியவன் காதில் கேட்கும் குரலை நிறுத்துவானா?

நம் வீட்டையும் பார்ப்போம். தேர்தல் நாளில் லயத்துக்குப் போத்தல் கொண்டுவந்தவர்களில் தொழிற்சங்கக்காரரும் உண்டு. அதை மறைத்துக்கொண்டு பொடியன்களுக்கு உபதேசம் செய்ய நமக்கு வாயில்லை.

நாம் கேட்பது இவை. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மாதம் ஒரு முறையாவது தமிழ் பேசும் மனநல வைத்திய உத்தியோகத்தர் வர வேண்டும். போதை பாவிக்கிறவன் என்பதற்காக எந்தக் கிளினிக்கும் நோயாளியைத் திருப்பி அனுப்பக்கூடாது. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் நாளுக்குத் தாய்க்கு முழுப்பேர் விழ வேண்டும். அரைப்பேர் பேச்சே வேண்டாம். இந்தக் கடைசிக் கோரிக்கை துரைமார் கையெழுத்துப் போட்டாலே முடிகிற காரியம், அடுத்த பேச்சுவார்த்தையில் மேசைக்கு வரும். அதுவரை இரவில் வீட்டில் நிலைமை கைமீறினால் 1926 ஐ அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தேதியையும் இடத்தையும் எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள்.