பேட்டரிக்குப் போகும் மொத்த கரண்டுக்கு யார் பொறுப்பு?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீடுகளுக்கு இன்வெர்ட்டர் எப்படி வந்தது என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2008ல் ஆரம்பித்த மின்வெட்டு 2012ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு 2 மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல். கடன் வாங்கியாவது ஒரு இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் வாங்கி வைத்தார்கள். மின்வெட்டு குறைந்தது. ஆனால் கரண்ட் பில் குறையவில்லையே! அதனால் மாடியில் இரண்டு சோலார் பேனல் ஏறியது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்வெர்ட்டர் விற்றவர் ஒருவர். சில வருஷம் கழித்து பேனலும் சார்ஜ் கன்ட்ரோலரும் மாட்டியவர் வேறொருவர். பேட்டரி மட்டும் அதேதான். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சார்ஜர் 15 ஆம்பியர் தள்ளும். சோலார் கன்ட்ரோலர் நல்ல வெயிலில் 20 ஆம்பியர் தள்ளும். இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் வேலை செய்கின்றன. ஆனால் பேட்டரிக்கு வந்து சேர்வது 35. 150 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரிக்கு அதன் அளவில் 10 சதவீதம், அதாவது 15 ஆம்பியர், என்பது நடைமுறைக் கணக்கு. தயாரிப்பாளரின் தாள் இதைவிடக் கூடுதலாக அனுமதித்தாலும் 35 வரை அனுமதிப்பது அபூர்வம்.

ஏரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கு நாலு வரத்து வாய்க்கால் இருந்தால், ஒவ்வொரு வாய்க்காலும் தன் கரைக்குள் ஒழுங்காகத்தான் ஓடும். ஆனால் ஏரிக்கரை தாங்க வேண்டியது நாலும் சேர்ந்த தண்ணீரை. அந்த மொத்தத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் கலிங்கு கட்டினார்கள். நம் வீட்டு பேட்டரிக்கு வாய்க்கால்கள் உண்டு, கலிங்கு கிடையாது.

விளைவு ஒரே நாளில் தெரியாது. பேட்டரி சூடாகும். டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் சீக்கிரம் குறையும். நாலைந்து வருஷம் வர வேண்டிய பேட்டரி இரண்டே வருஷத்தில் உட்கார்ந்துவிடும். கடைக்காரர் "கம்பெனி பேட்டரி சரியில்லை" என்பார். பேட்டரி கம்பெனி "இன்வெர்ட்டர் சரியில்லை" என்று சொல்லும். இன்வெர்ட்டர்காரர் மாடியில் இருக்கும் பேனலைக் காட்டுவார். பதினைந்தாயிரம் ரூபாய் இழந்தவர் யாரைக் கேட்பார்?

இதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு. "பேனல் போட்டும் பிரயோஜனம் இல்லை, சோலார் ஏறவே மாட்டேங்குது." பல இடங்களில் பேனலில் ஒரு கோளாறும் இருக்காது. லைன் கரண்டில் ஓடும் சார்ஜர் பேட்டரியை 14.4 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். அதைப் பார்க்கும் சோலார் கன்ட்ரோலர், பேட்டரி நிறைந்துவிட்டது என்று நினைத்து ஒதுங்கிவிடும். இலவச வெயில் வீணாகும், மீட்டர் ஓடும். வெயில் இருக்கும்போது லைன் சார்ஜிங்கைத் துண்டித்துவிடும் சாதனங்கள் கடைகளில் கிடைக்கின்றன. பல வீடுகளில் பகலில் அந்த ஒரு சார்ஜரை நிறுத்தினாலே இந்த இரண்டு பிரச்சினையும் தீர்ந்துவிடும்.

"இரண்டு சார்ஜரையும் பாதி பாதியாகக் குறைத்து வைத்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். போதாது. மழை மேகம் மூடிய நாளில் சோலார் தன் பாதியைக்கூடத் தராது. பேட்டரி அரைகுறையாகவே கிடந்து தகட்டில் சல்பேட் படியும். இன்னொன்று, மதியம் சோலாரிலிருந்து வரும் கரண்ட் முழுவதும் பேட்டரிக்குப் போவதில்லை. இன்வெர்ட்டரில் மின்விசிறியும் டிவியும் ஓடினால் 20ல் 8 ஆம்பியர் அந்த வழியாகவே போய்விடும். பேட்டரிக்கு 12தான். வாய்க்காலில் தண்ணீர் வரும்போதே மடையும் திறந்திருப்பது போல. ஆகவே எல்லையை வைக்க வேண்டிய இடம் சார்ஜர் அல்ல, பேட்டரியின் வாசல்.

பெரிய அமைப்புகளில் இதற்கு வழி கண்டுபிடித்து வெகுகாலமாகிறது. நெதர்லாந்தின் விக்ட்ரான் நிறுவனத்தின் சாதனங்களில் ஒரு மையக் கருவி எல்லா சார்ஜர்களோடும் பேசும். மொத்த எல்லையை ஒரே இடத்தில் கொடுத்தால், அது முதலில் சோலாருக்கு இடம் கொடுத்து, மீதியைத்தான் லைன் கரண்டுக்கு விடும். லித்தியம் பேட்டரியின் பிஎம்எஸ் "இன்று இவ்வளவுதான் வாங்குவேன்" என்று சொன்னால் அதற்கும் கட்டுப்படும். ஆனால் அந்தக் கருவியோடு கேபிளில் இணைக்காத சார்ஜர் ஒன்று இருந்தாலும் அது தன் இஷ்டத்துக்குத்தான் ஓடும். இப்போது லித்தியம் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. அங்கே எல்லை மீறினால் பிஎம்எஸ் சட்டென்று தொடர்பை வெட்டிவிடும், வீடே இருட்டாகலாம்.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று வேண்டும் (சாதாரண ஏசி கிளாம்ப் உதவாது). பேட்டரி வயரில் மாட்டி, ஒவ்வொரு சார்ஜராக நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் யார் எவ்வளவு தருகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: பேட்டரி நிறையும் நேரத்தில் பார்த்துவிட்டு "கரண்ட் குறைவு" என்று முடிவு கட்டக் கூடாது. நிறைய நிறைய கரண்ட் குறைவதுதான் இயல்பு. நம் மே மாத வெயிலில் வோல்டேஜையும் கொஞ்சம் இறக்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு செல்லுக்கு சுமார் 4 மில்லிவோல்ட். 40 டிகிரியில் 12 வோல்ட் பேட்டரிக்கு இது கிட்டத்தட்ட 0.36 வோல்ட்.

கருவிகள் இருக்கின்றன, கணக்கும் கூட்டல் கணக்குதான். இல்லாதது பொறுப்பு. பழைய இன்வெர்ட்டரோடு புதிய பேனலை யார் இணைக்கிறாரோ, அவர்தான் மொத்தக் கணக்குக்கும் பொறுப்பாக வேண்டும். பில்லில் பேனல் எத்தனை வாட் என்று எழுதுகிறார்கள். அதன் கீழேயே பேட்டரி வாங்கக்கூடிய உச்ச ஆம்பியர் எவ்வளவு, எந்தெந்த சார்ஜர் எவ்வளவில் வைக்கப்பட்டிருக்கிறது, மொத்தத்தைக் கட்டுப்படுத்துவது எது என்று மூன்று வரி எழுதி, பேட்டரி டிராலியிலும் ஒட்டிவிட்டுப் போகட்டும். வாங்குகிறவரும் அந்த மூன்று வரியைக் கேட்டு வாங்கிய பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுக்கட்டும். இதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும் போதும்.