மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்

1910இல் பல்லாவரம் திடலில் ஒரு விமானம் மேலெழுந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் அதை வடிவமைத்தார். சிம்சன் கம்பெனி செய்து கொடுத்தது. பல்லாவரம் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. சொந்தமாக விமானம் கட்டிப் பார்க்கும் ஆசைக்கு எங்கள் மாவட்டத்தில் நூறு வயது தாண்டிவிட்டது.

அந்தக் காலத்து விமானங்கள் மரமும் துணியும். இன்று வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் பலர் அலுமினியத் தகட்டை எடுக்கிறார்கள். மும்பை காந்திவலியில் விமானி அமோல் யாதவ் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2017இல் அதற்குப் பதிவு கிடைத்தது. இப்படிப்பட்ட விமானத்தின் இறக்கையையும் விசிறியையும்தான் எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். உடற்பகுதிக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. விமானத்தின் ஆயுள் தீர்மானமாவது அங்கேதான்.

அலுமினியத்தோடு செம்பு கலந்தால் பலம் கூடும். கூடவே அரிப்புக்கும் வழி திறக்கும். அதனால்தான் தகட்டின் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய படலமாக ஏற்றியிருப்பார்கள். ஆனால் துளை போட்ட இடத்திலும் வெட்டிய விளிம்பிலும் அந்தக் காப்பு இல்லை. ஆகவே பிசிறைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, பச்சை நிற பிரைமர் அடிக்க வேண்டும். மாமல்லபுரம் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்று என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியே சாட்சி.

விமானத்திலும் அதுதான் நடந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே 24,000 அடி உயரத்தில் பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737, கூரையில் பெரும்பகுதியை இழந்தது. பணிப்பெண் ஒருவர் காற்றில் வீசப்பட்டு இறந்தார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இணைப்பில் ஒட்டு விட்டுப்போய், அரிப்பு ஏறி, ரிவெட் துளைகளைச் சுற்றி வெடிப்புகள் வளர்ந்திருந்தன. பத்தொன்பது வருடம் கடலோரத்தில் ஓடிய விமானம் அது.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலைப் பிடிக்க, உள்ளே இன்னொருவர் முதுகை வளைத்து, கனமான எஃகுக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திக்கொண்டு நிற்பார். வால் நசுங்கிப் பரந்து, ரிவெட்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கு ஆக வேண்டும். உயரம் அரை மடங்கு நிற்க வேண்டும். குறைந்தால் பிடிப்பு போதாது. கூடினால் விளிம்பு வெடிக்கும். சரியில்லாததைத் துளைத்தெடுத்து மறுபடி அடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கண்ணுக்குத்தான் அது தெரியும். அவர் "சரி" என்று சொல்வதை நம்பித்தான் வெளியே இருப்பவர் அடுத்த ரிவெட்டுக்கு நகர்கிறார்.

அடுத்து ஒயரிங். குறுக்குத்தகட்டின் துளை வழியே போகும் ஒவ்வொரு ஒயருக்கும் விளிம்பில் நைலான் புஷ் வேண்டும். எஞ்சின் அதிர்வில் தகட்டு முனை ஒயரின் உறையை அறுத்துவிடும். சுக்கானுக்கும் வாலுக்கும் போகும் கம்பிகள் எதிலும் உரசக் கூடாது. தவறி விழுந்த ஒரு ரிவெட் அந்தக் கம்பியின் கப்பியில் சிக்கினாலே போதும், ஆபத்துதான். அதனால் தரைத்தகடு மூடும் முன் வாக்யூம் போட்டு, டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் தேடுகிறார்கள். சீட்டும் கார்ப்பெட்டும் இதற்கெல்லாம் பிறகுதான். அவற்றின் எடையையும் கணக்கில் ஏற்றியே பொருத்துகிறார்கள்.

வாங்குகிறவர் கண்ணில் படாத இடத்தில் வேலையைக் குறைத்துக்கொள்வது நம்மிடையே சகஜமாகிவிட்டது. விமானக் கூட்டுக்குள் குனிந்து வேலை செய்தவருக்கு அந்தப் பழக்கம் ஒட்டாது. கண்காணிக்க ஆளில்லாவிட்டாலும் அளவை எடுத்துப் பார்ப்பார். கலாம் விமானப் பொறியியல் படித்த எம்.ஐ.டி. இருக்கும் குரோம்பேட்டையும் எங்கள் மாவட்டம்தான். இங்குள்ள ஒவ்வொரு ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பாதி கட்டிய உடற்பகுதி ஒன்றை வைத்து, பிள்ளைகளை உள்ளே இறங்கி ரிவெட் அடிக்க விடுங்கள். அவர்களில் சிலர் விமானம் கட்டுவார்கள். மற்றவர்கள் பஸ் பாடியோ பாலமோ எதைக் கட்டினாலும், மூடுவதற்கு முன் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பார்கள்.