குமாஸ்தா வேலையும் கலை விமர்சனமும்

அண்மையில் பரிசு பெற்ற ஒரு நூலைப் பற்றியும், இன்னொரு இதழில் அதற்கு வந்த மதிப்புரையைப் பற்றியும் பேசாமல் இந்த இதழைத் தொடங்க மனம் வரவில்லை. அமெரிக்க கன்ட்ரி, ப்ளூகிராஸ் இசையின் கதை அந்த நூல். அப்பலாச்சிய மலைகளில் பிறந்து, கலப்பே இல்லாமல் வழிவழியாக வந்து, வானொலியாலும் நகரத்தாலும் கெட்டுப்போன ஒரு மக்களின் ஆன்மா என்பது அதன் சாரம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு பதிவின் தேதிகூட இல்லை. மதிப்புரையாளர் இந்தக் குறையையே நிறையாக்கிவிட்டார். எந்த ஊரில், எந்த நாளில், எந்த எண்ணில் ஒரு பாட்டு பதிவானது என்று தேடுவது குமாஸ்தா வேலையாம். ரசனையுள்ளவனுக்கு அது தேவையில்லையாம்.

தேதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரே ஒரு பாட்டை வைத்துப் பார்ப்போம். ‘மோலி அண்ட் டென்ப்ரூக்ஸ்’ குதிரைப் பந்தயத்தைப் பாடும் கென்டக்கிப் பாட்டு. பில் மன்ரோ தன் ப்ளூ கிராஸ் பாய்ஸ் குழுவுடன் கொலம்பியா நிறுவனத்துக்காக அதை 1947 அக்டோபரில் பதிவுசெய்தார். தட்டு கடைக்கு வந்தது 1949இல். இடையில் 1948இலேயே வர்ஜீனியாவின் ஸ்டான்லி சகோதரர்கள் அதைப் பாடி, டென்னஸியின் ஜான்சன் சிட்டியிலிருந்த ரிச்-ஆர்-டோன் என்ற சிறிய கம்பெனி மூலம் வெளியிட்டுவிட்டார்கள். வெளியீட்டு ஆண்டை மட்டும் பார்ப்பவர் ஸ்டான்லிகளே முன்னோடிகள் என்று எழுதுவார். பதிவு நாளை மட்டும் பார்ப்பவர், மன்ரோவின் தட்டைக் கேட்டுத்தான் அவர்கள் பாடினார்கள் என்று எழுதுவார். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு கூற்றுகளும் விழுந்துவிடும். கடைக்கே வராத தட்டிலிருந்து யாரும் பாட்டுக் கற்றுக்கொள்ள முடியாது. அவர்கள் மன்ரோவின் குழுவைக் காதால் கேட்டுத்தான் கற்றிருக்க வேண்டும். மேடையில் கேட்டிருக்கலாம், 50,000 வாட் சக்தியோடு நாஷ்வில்லிலிருந்து டபிள்யூ.எஸ்.எம். வானொலி சனிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பிய கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியிலும் கேட்டிருக்கலாம்.

ஸ்டான்லிகளின் தட்டைக் கேட்டவர்களுக்கு இது புரியும். பீ வீ லாம்பர்ட் மன்ரோவின் உச்சக் குரலை எட்டிப் பிடித்துப் பாடுகிறார். ரால்ஃப் ஸ்டான்லியின் பேஞ்சோ ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூன்று விரல் வாசிப்பை அடியொற்றி ஓடுகிறது. அதுவரை ஒரு மனிதரின் குழுவுக்கு மட்டும் சொந்தமாயிருந்த ஒலி அடுத்த குழுவின் கைக்குப் போய்விட்டது. ஓர் இசைவகை என்ற அளவில் ப்ளூகிராஸ் பிறந்த இடம் இதுதான் என்று வாதிடுபவர்கள் உண்டு. நாங்களும் அந்தக் கட்சி. அந்தப் பெயரே அப்போது அந்த இசைக்கு வந்திருக்கவில்லை. பரிசு நூல் எந்த வானொலியைக் கொலைகாரன் என்கிறதோ, அதன் அலைவரிசையில்தான் பிள்ளை வளர்ந்திருக்கிறது. குமாஸ்தா எழுதிவைத்த இரண்டு தேதிகள் இல்லாமல் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

இன்னும் சற்றுப் பின்னால் போவோம். 1945 பிப்ரவரியில் மன்ரோ சிகாகோவில் கொலம்பியாவுக்காகப் பாடிய பதிவுகளில் அக்கார்டியன் இருக்கிறது. வாசித்தவர் சாலி ஆன் ஃபாரெஸ்டர் என்ற பெண். பேஞ்சோ ஸ்ட்ரிங்பீன், மூன்று விரல் வாசிப்பு அவருடையதல்ல. ஸ்க்ரக்ஸ் அந்த ஆண்டு டிசம்பரில்தான் குழுவில் சேர்கிறார். 1946 செப்டம்பர் 16, 17 தேதிகளில் அதே சிகாகோவில் மன்ரோ, லெஸ்டர் ஃப்ளாட், ஸ்க்ரக்ஸ், சப்பி வைஸ், செட்ரிக் ரெயின்வாட்டர் ஐவரும் மைக்கின் முன் நிற்கிறார்கள். இன்று நாம் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காணும் ஒலி அங்கே முழுசாக இருக்கிறது. இடையில் கழிந்தவை பத்தொன்பது மாதங்கள். பேஞ்சோ மாறியது, அக்கார்டியன் போனது, வேகம் கூடியது. புராதனம் என்று பரிசு கொடுத்துக் கொண்டாடும் பொருள் இந்தப் பத்தொன்பது மாதங்களில் கூடிவந்தது. இதைச் சொல்வதால் அதன் மகத்துவம் குறையாது. எங்களுக்கு அது கூடத்தான் செய்கிறது: கைவினைஞர்கள் கண்ணெதிரே செய்து முடித்த ஒன்று அது.

இந்தத் தேதிகள் தானாக வந்து புத்தகத்தில் உட்காரவில்லை. ஜான் எட்வர்ட்ஸ் என்பவரை எத்தனை பேருக்குத் தெரியும்? ஆஸ்திரேலியாவின் சிட்னிக்காரர். அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஹில்பில்லி என்று அழைக்கப்பட்ட பழைய கன்ட்ரிப் பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காத 1950களில், கடல் கடந்து கடிதம் எழுதி எழுதித் தட்டுகளைச் சேர்த்தார்; மறக்கப்பட்டிருந்த பழைய பாடகர்களுக்கே எழுதி, யார் எதை வாசித்தார்கள் என்று கேட்டுக் குறித்துவைத்தார். 1960 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது வயது 28. தன் சேகரிப்பை யூஜின் ஏர்ல் என்ற அமெரிக்க நண்பருக்கு எழுதிவைத்திருந்தார். அதைக் கொண்டு 1962இல் லாஸ் ஏஞ்சலீஸின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஒரு நினைவு அறக்கட்டளை எழுந்தது. சேகரிப்பு இன்று வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் இருக்கிறது. அறக்கட்டளையைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவரான ஆர்ச்சி கிரீன் கப்பல் கட்டும் தச்சர், தொழிற்சங்கக்காரர். நிலக்கரிச் சுரங்கப் பாடல்கள் இசைத்தட்டில் ஏறிய வரலாற்றை அவர் எழுதிய ‘ஒன்லி எ மைனர்’ 1972இல் வந்தது. தட்டின் எண்ணில் தொடங்கி முதலாளி, சுரங்கம், வேலைநிறுத்தம், பாடகனின் வாழ்க்கை என்று ஒவ்வொரு பாட்டையும் அவர் துரத்திக்கொண்டு போவார். எங்களுக்கு விமர்சனம் கற்றுக்கொடுத்த நூல்களில் அது ஒன்று.

ஹாரி ஸ்மித்தைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. பழைய தட்டுகளிலிருந்து அவர் திரட்டி, 1952இல் ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பின் 84 பதிவுகளைத் தேய்ந்த கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பாடியவர் வெள்ளையரா கறுப்பரா என்று ஸ்மித் வேண்டுமென்றே எழுதவில்லை. மிஸிஸிப்பி ஜான் ஹர்ட்டை மலைவாசி வெள்ளையர் என்றே பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி ரசனைக்குக் கதவை விரியத் திறந்துவிட்ட அதே ஸ்மித், கையேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் கம்பெனி, தட்டு எண், பதிவான ஆண்டு மூன்றையும் கவனமாகக் கொடுத்திருந்தார். மாந்திரீகமும் ரசவாதமும் பேசிய அந்த மனிதருக்கு எண்கள் இடைஞ்சலாகத் தெரியவில்லை.

நிறம் பற்றிய பேச்சு வந்துவிட்டதால், தூய்மை வாதத்தின் உண்மையான முகத்தையும் பார்த்துவிடலாம். 1916 முதல் 1918வரை அப்பலாச்சியாவில் பாட்டுச் சேகரித்த செசில் ஷார்ப் ஆங்கிலேய மூதாதையரின் மிச்சங்களைத் தேடினார். கறுப்பர்களின் பாட்டில் அவருக்கு நாட்டமில்லை. 1920களில் ஜாஸ் இளைஞர்களைக் கெடுக்கிறது என்று சொல்லிப் பழைய ஃபிடில் நடனங்களுக்குப் பணத்தை வாரி இறைத்த ஹென்றி ஃபோர்டு, அதே காலத்தில் யூத வெறுப்புப் பத்திரிகையும் நடத்தினார். ‘மக்களின் ஆன்மா’ என்று பேசுபவர்கள் இந்த வம்சாவளியைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார்களா?

கம்பெனிகளும் நிறம் பார்த்தே எண் போட்டன. கொலம்பியாவில் கறுப்பர்களுக்கு 14000-டி வரிசை, தென்மாநில வெள்ளையர்களுக்கு 15000-டி வரிசை. 1927இல் சட்டனூகாவின் ஆலன் சகோதரர்கள் பாடிய ஒரு ப்ளூஸ் தட்டை, அவர்கள் வெள்ளையர்களாக இருந்தும், கம்பெனி 14000 வரிசையில் போட்டுவிட்டது. அவர்கள் வழக்குப் போடுவோம் என்று மிரட்டி விக்டருக்கு மாறிவிட்டார்கள். கம்பெனிக்காரனின் காதுக்கே வித்தியாசம் தெரியவில்லை! அதே ஆண்டு கென்டக்கியின் கறுப்பு ஃபிடில் கலைஞர் ஜிம் புக்கர், டெய்லர்ஸ் கென்டக்கி பாய்ஸ் என்ற வெள்ளையர் குழுவோடு ஜெனட் நிறுவனத்துக்காக வாசித்தார். 1930இல் வெள்ளைக் கன்ட்ரிப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் பாடிய ‘ப்ளூ யோடல் எண் 9’இல் டிரம்பெட் வாசிப்பவர் கறுப்பு ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங், தட்டின் முத்திரையில் அவர் பெயர் இல்லை.

பட்டியல் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நாங்கள் வாதிடவில்லை. 1927இல் பிரிஸ்டலில் விக்டருக்காகக் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவையும் ராட்ஜர்ஸையும் முதன்முதலில் பதிவுசெய்த ரால்ஃப் பியருக்குக் காப்புரிமை வாங்கத்தக்க ‘புதுப்’ பாட்டு வேண்டியிருந்தது. ஏ.பி. கார்ட்டர் மலைமலையாக அலைந்து பழம்பாட்டுகளைத் திரட்டித் தன் பெயரில் போட்டுக்கொண்டார். கூடவே அலைந்து மெட்டுகளை மனதில் ஏற்றி வந்த கறுப்புக் கிதார்க்காரர் லெஸ்லி ரிடிலின் பெயர் எந்தத் தட்டிலும் அச்சாகவில்லை. ஆப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவரான கறுப்புக் கலைஞர் டிஃபோர்டு பெய்லி 1928இல் நாஷ்வில்லில் மவுத் ஆர்கன் வாசித்துப் பதிவுசெய்தார்; 1941இல் அந்த மேடையிலிருந்து வெளியேற்றப்பட்டார். இளம் மன்ரோவைப் பாதித்த கறுப்புக் கலைஞர் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் ஒரு பதிவுகூட இல்லாமல் 1931இல் இறந்தார். அவருக்கு மேட்ரிக்ஸ் எண், அதாவது பதிவுக்கான அடையாள எண், கிடையாது. பதிவானவை எவை என்று முழுதாகத் தெரிந்தால்தான் பதிவாகாமல் போனவர் யார் என்று கேட்கவே முடியும். பட்டியலை வெறுக்கும் பரிசு நூலில் ரிடிலும் இல்லை, பெய்லியும் இல்லை, ஷுல்ட்ஸும் இல்லை. தேதிகளைத் தூக்கியெறிந்தவர் கையில் கடைசியில் கம்பெனி விளம்பரம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது: வெள்ளை மலைவாசி, வைக்கோல் தொப்பி, மரக்குடிசை.

தமிழ் வாசகனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று: ராட்ஜர்ஸின் தட்டுகள் அந்தக் காலத்திலேயே இந்தியாவில் ட்வின் முத்திரையோடு விற்றன. அவற்றை இங்கே வாங்கியவர் யார், கேட்டவர் யார் என்று ஆராய ஒருவர் கிளம்பினால் முதலில் அவருக்குத் தேவைப்படுவது எண்களின் பட்டியல்தான்.

அமெரிக்கச் சட்டப்படி 1925இல் வெளியான ஒலிப்பதிவுகள் 2026 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. எக் ராபர்ட்சன் 1922இல் நியூயார்க்கில் வாசித்த ஃபிடிலும், ஜான் கார்சன் 1923இல் அட்லாண்டாவில் பாடியதும் அதற்கு முன்பே அவ்வாறு ஆகிவிட்டன. யாரிடமும் அனுமதி கேட்காமல் கேட்கலாம், படியெடுக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். அடுத்த இதழிலிருந்து இந்தத் தொடக்க ஆண்டுகளின் பதிவுகளை நாள், ஊர், கம்பெனி, தட்டு எண், வாசித்தவர் பெயர்களோடு தொடராக வெளியிடுகிறோம். இசை பற்றி இனி எங்களுக்கு வரும் கட்டுரைகளிலும், பேசப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் இந்த விவரம் இருக்க வேண்டும். கிடைக்காமல் தவிக்கும் கட்டுரையாளர்கள் தயங்காமல் எங்களுக்கு எழுதலாம். கூட உட்கார்ந்து தேடித் தருகிறோம்.