கதவைச் சாத்திட்டு ஏற்றுமதி பண்ணச் சொல்றாங்க

"வெளிநாட்டுக்கு அனுப்புங்க, நல்ல காசு பார்க்கலாம்." ஆவடி, அம்பத்தூர் பக்கம் ஃபிளாட் வாங்கி வந்த நண்பர்கள் சொல்ற யோசனை இது. தரம், பேக்கிங், மார்க்கெட்டிங்னு பட்டியலும் போடுவாங்க. எல்லாம் சரிதான். முதல்ல கதவு திறந்திருக்கணுமே!

எங்களுக்குத் தூரம் பிரச்சினையே இல்லை. நெல்லுக்குச் செங்குன்றம் ஆலைகள், கப்பலுக்குச் சென்னைத் துறைமுகம், காய்கறிக்கு மீனம்பாக்கம் விமான நிலையம். எல்லாமே பக்கம்தான்.

2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. அடுத்த மாசமே புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரி. உலக அரிசி வியாபாரத்தில் சுமார் 40 சதவீதம் வச்சிருந்த நாடு நம்முடையது. பச்சரிசித் தடை விலக 14 மாசம் ஆச்சு. அதுவரைக்கும் வாங்குறவன் நமக்காகக் காத்திருப்பானா? அந்த வருஷம் வியட்நாம் 80 லட்சம் டன்னுக்கு மேல் அனுப்பிச்சு. உலகச் சந்தையில் அரிசி விலை 15 வருஷத்தில் இல்லாத உச்சம். அந்த நேரம் பார்த்து நம்ம விவசாயிக்குப் பூட்டு! வெங்காயத்துக்கும் இதே கதை: 2023 ஆகஸ்டில் 40 சதவீத வரி, டிசம்பரில் முழுத் தடை.

"உள்ளூர் ஜனங்க சாப்பிட வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. வேணும். ஆனா தடை போட்டப்போ அரசுக் கிடங்கில் அரிசி, விதிப்படி இருக்க வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. மலிவு விலைக்கு அரிசி தரணும்னா கஜானாவிலிருந்து கொடுங்க. விவசாயி மடியில் ஏன் கை வைக்கிறீங்க?

எங்க பக்கமும் குறை உண்டு. 2014 மே மாசம் ஐரோப்பிய ஒன்றியம் நம்ம மாம்பழம், கத்திரி, பாகல், புடலை, சேம்பு எல்லாத்தையும் நிறுத்தியது. காரணம், சரக்கில் பூச்சி. சோதனையும் சான்றிதழும் ஒழுங்கானதும், 2015 தொடக்கத்தில் மாம்பழத் தடை விலகியது. பூச்சியை நாங்க திருத்திக்கலாம். ராத்திரியோட ராத்திரியா வர்ற அரசாணையை எப்படித் திருத்துறது?

கேட்கிறது மூணுதான். ஏற்றுமதிக் கொள்கையை விதைப்புக்கு முன்னாடியே சொல்லுங்க. அறுவடை வரைக்கும் மாத்தாதீங்க. பூச்சிமருந்து எச்சம் பார்க்கிற சோதனைக்கூடமும், தரம் பிரிச்சு பேக் பண்ற கூடமும் சிறு விவசாயி கட்டக்கூடிய கட்டணத்தில் பூந்தமல்லி, திருவள்ளூர் பக்கமே கொடுங்க. தடை போட்டே ஆகணும்னா, நஷ்டத்தையும் சேர்த்துக் கொடுங்க.

அடுத்த தடவை வெங்காயம் விலை ஏறும்போது "ஏற்றுமதியை நிறுத்து"ன்னு போஸ்ட் போடுவீங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க: விலை விழுந்து தக்காளியை ரோட்டில் கொட்டினப்போ, என்ன போஸ்ட் போட்டீங்க?