கட்டிட ஒப்பந்தகாரரும் கணினிக் கப்பமும்

கப்பம் என்னும் சொல்லின் பொருளை அகராதியிற் பார்த்து அறியவேண்டிய நிலை எமது பகுதி மக்களுக்கு என்றும் இருந்ததில்லை. அன்று அதனைக் கேட்டு ஆள் வருவான்; அல்லது கடிதம் வரும். இன்றோ அலுவலக மேசை மீதுள்ள கணினித் திரையிலேயே அது வந்து நிற்கின்றது. உமது கோப்புகள் யாவும் பூட்டப்பட்டன, இத்தனை நாளுள் இத்தனை பணம் செலுத்தினால் திறவுகோல் தரப்படும் என்பதே அது கூறும் செய்தி. ரான்சம்வேர் என ஆங்கிலத்தார் வழங்கும் இதனைக் கப்ப நிரல் என்றே ஈண்டுக் குறிப்போம். இது நேற்றுத் தோன்றியதுமன்று. 1989ஆம் ஆண்டிலேயே ஏறக்குறைய 20,000 வட்டுகளைத் தபாலில் அனுப்பி, பனாமா நாட்டு அஞ்சற் பெட்டியொன்றுக்கு 189 டொலர் செலுத்துமாறு கேட்ட ஒருவன் இருந்தான்.

இப்பொருளைக் கல்லூரி மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும், எமது மாவட்டத்தில் வீடுகளும் வீதிகளும் பாடசாலைக் கட்டிடங்களும் பெருகின. அவற்றோடு ஒப்பந்தகாரரும் பெருகினர். சித்தாண்டியிலும், அயலிலுள்ள வந்தாறுமூலை, கிரான், செங்கலடி ஆகிய ஊர்களிலும் இத்தொழிலால் வாழும் பழைய மாணவர் பலர். “சித்தாண்டியில் இருக்கும் சிறு கம்பனியை எவன் தேடி வரப்போகிறான்?” என்பது அவர்களிற் பெரும்பாலோரின் எண்ணம். இவ்வெண்ணம் பிழையானது என்பதே எமது கருத்து. வாவியில் வீசிய வலை மீனின் குலம் கோத்திரம் பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு ஒரே மின்னஞ்சல் செல்கின்றது. சீமெந்துப் பட்டியல் என்றோ கேள்விப்பத்திரம் என்றோ எண்ணி அதனைத் திறப்பவர் அகப்படுகின்றார்.

மற்றைய தொழில்களிலும் பார்க்க இத்தொழிலுக்கு இக்கேடு கொடியது. கடைக்காரர் கணக்கை இழந்தால் இறாக்கையிலுள்ள சாமான்களை மீண்டும் எண்ணிக்கொள்ளலாம். அத்திவாரத்துள் இட்ட கம்பியை எவ்வாறு எண்ணுவது? கொங்கிறீற்று மூடிய பின் அந்த வேலைக்குச் சாட்சி அளவைத் தாளும் அன்றெடுத்த புகைப்படமுமே. அவை பூட்டப்பட்டால், செய்த வேலைக்குரிய பட்டியலைப் பொறியியலாளர் முன் வைத்து வாதாட வழியில்லை. இடைக்காலக் கொடுப்பனவு நிற்கும். அது நின்றால் சனிக்கிழமை மேசன்மாருக்கும் கூலியாட்களுக்கும் சம்பளம் நிற்கும். வேலை முடிந்து ஓராண்டின் பின் கிடைக்கவேண்டிய தடுத்துவைத்த பணமும் ஐயத்துக்கு உள்ளாகும். நாட்கணக்கிற் பணம் தேவைப்படுவோனே விரைந்து கப்பம் கொடுப்பான் என்பதைத் திருடரும் அறிவர்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. பிரான்சின் புயிக் கட்டுமான நிறுவனம் 2020 சனவரியில் இவ்வாறு தாக்கப்பட்டுத் தன் கணினிகளை நிறுத்த நேர்ந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் இன்டர்சேர்வ் நிறுவனத்துக்கு நேர்ந்ததோ எமக்கு மிகவும் பாடமாவது. ஊழியர் ஒருவர் ஐயமின்றி அனுப்பிய மின்னஞ்சலை மற்றொருவர் திறந்தார். காவல் மென்பொருள் எச்சரித்தது. ஆயினும் அந்த எச்சரிக்கையை எவரும் ஆழ ஆராயவில்லை. திருடர் 283 கணினிகளுள் நுழைந்து, காவல் மென்பொருளையே நீக்கி, ஏறக்குறைய 113,000 ஊழியரின் விபரங்களைப் பூட்டிவிட்டனர். 2022 ஒக்டோபரில் அந்நாட்டுத் தகவல் ஆணையாளர் அந்நிறுவனத்துக்கு 44 இலட்சம் பவுண் தண்டம் விதித்தார். காவற்காரன் குரைத்த நாயை அதட்டிவிட்டு உறங்கிய கதை இது.

எமது நாட்டிலும் 2023 ஓகத்தில் அரச மின்னஞ்சற் சேவை தாக்கப்பட்டது. ஏறக்குறைய 5,000 முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஓகத்து 26 வரையான கடிதங்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். பழைய பதிப்பு மென்பொருளே பயன்பாட்டில் இருந்தது. அக்காலப் பகுதிக்குரிய படி இணைப்பற்ற வேறிடத்தில் இருக்கவுமில்லை.

வெள்ளம் புகும் ஊரில் காணி உறுதியை நிலத்துப் பெட்டியில் எவரும் வைப்பதில்லை. தகரப்பெட்டியில் இட்டுப் பரணில் ஏற்றுவர். அறிவுள்ளவர் மேட்டுநிலத்து உறவினர் வீட்டில் ஒரு பிரதியும் வைப்பர். கணினிக்கும் இதுவே முறை. புறவட்டுகள் இரண்டு வாங்கி வாரத்துக்கு ஒன்றாக மாற்றிப் பிரதி எடுக்கவேண்டும். பிரதி எடுத்தவுடன் வட்டைக் கழற்றிவிட வேண்டும். பொருத்தியபடி விட்ட வட்டையும் கப்ப நிரல் பூட்டிவிடும். ஒரு வட்டு எப்பொழுதும் வேறொரு வீட்டில் இருத்தல் நன்று. மாதம் ஒருமுறை அதிலுள்ள கோப்பொன்றைத் திறந்து பார்ப்பதும் இன்றியமையாதது. திறவாத பிரதி பிரதியன்று. இணையத்திற் சேமிக்கிறோம் என்போர், பூட்டிய கோப்பே அங்கும் சென்று பழையதன் இடத்தைப் பிடிக்கக்கூடும் என்பதை அறிதல் வேண்டும்.

இன்னொன்றையும் மறையாது சொல்லவேண்டும். வரைபடம் வரையும் மென்பொருளை விலை கொடாது, களவாக உடைத்த பிரதியாகப் பெறும் வழக்கம் எம்மிடையே உண்டு. ஸ்டொப் எனப்படும் கப்ப நிரல் குடும்பம் பெரிதும் இவ்வுடைத்த பிரதிகளின் வழியே பரவியது. களவுக் கதவால் வாங்கிய பொருளோடு களவனும் உள்ளே வருகிறான். அலுவலகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல், அதனையும் சுவரில் ஒட்டிவைத்தல் என்னும் வழக்கத்தைப் பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. “கம்பியூட்டர்ப் பொடியன் பார்த்துக்கொள்வான்” என்னும் முதலாளிமார், தமது காசோலைப் புத்தகத்தை அவனிடம் ஒப்படைப்பரா?

கேடு நேர்ந்தால் முதலில் கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிக்கவேண்டும். பூட்டிய கோப்புகளை அழிக்கலாகாது. 2016இல் ஐரோப்பியப் பொலிசாரும் நெதர்லாந்துப் பொலிசாரும் வேறு சிலருடன் சேர்ந்து தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ என்னும் முயற்சி சில வகைப் பூட்டுகளுக்கு இலவசமாகத் திறவுகோல் தருகின்றது. 2006 முதல் கொழும்பில் இயங்கிவரும் இலங்கைக் கணினி அவசர ஆயத்தக் குழுவிடமும் முறையிடலாம். கப்பம் கொடுப்பதை நாம் ஏற்கவில்லை. பணம் பெற்றபின் திறவுகோல் தருவான் என்பதற்குப் பிணை யார்? எனினும் பிரதி வைக்காதவனிடம் இவ்வறிவுரை ஏறாது என்பதும் எமக்குத் தெரியும். அவன் முன் அப்பொழுது நிற்பது கூலியாட்களின் முகமன்றோ!

எனவே பழைய மாணவர் சங்கத்துக்கு எமது வேண்டுகோள் ஒன்று. கணினித் துறையிலுள்ள பழைய மாணவரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் சேர்ந்து, இவ்விழா ஆண்டிற் சனிக்கிழமைகளில் ஒப்பந்தகாரரின் அலுவலகங்களுக்குச் சென்று, முதற் பிரதியை எடுத்துக் கொடுத்து, அதனைத் திறந்தும் காட்டலாம். வட்டின் விலையை முதலாளியே கொடுக்கட்டும். ஒரு பார சீமெந்தின் விலையோடு ஒப்பிட அது சிறிது.