நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்கும் உரிமை வேண்டும்

கூலிக்கோ சம்பளத்துக்கோ உழைத்துப் பிழைப்பவர் யாராயினும், வேலைக்குப் போக வேண்டிய கடமையும், வீட்டில் நோயுற்றுக் கிடப்பவரின் பக்கத்தில் இருக்க வேண்டிய கடமையும் ஒரே காலத்தில் வந்து நிற்கும் நாளை என்றேனும் சந்தித்தே தீர வேண்டும். அந்த நாளில் அவர் மேலதிகாரியின் தயவை நாட வேண்டியிருக்கிறதா, உரிமையோடு கேட்க முடிகிறதா என்பதைக் கொண்டே ஒரு தேசத்தின் தொழிற்சட்டங்களை மதிப்பிட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அவ்வாறு மதிப்பிட்டால், நம் சட்டங்கள் பிரசவித்த தாயைக் கண்டுகொண்டன. நோயுற்ற தொழிலாளியையும் ஓரளவு கண்டுகொண்டன. அவர்களுக்குப் பணிவிடை செய்பவரை மட்டும் இன்னும் காணவில்லை.

இதுவரை கிடைத்தது அற்பமன்று. 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் பிரசவ கால உதவி மசோதா விவாதத்துக்கு வந்தபோது, தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நன்மைக்கே என்றும், ஆதலால் அதன் பாரத்தில் பெரும்பகுதியைச் சர்க்கார் ஏற்பதே நியாயம் என்றும் டாக்டர் அம்பேத்கர் வாதாடினார். மறு ஆண்டே அம்மசோதா சட்டமாயிற்று. 1961-ல் நாடு முழுமைக்குமாக இயற்றப்பட்ட சட்டம் தந்த 12 வார விடுப்பு, 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்தவருக்கு இது உரியது. கருச்சிதைவு நேர்ந்தால் 6 வார விடுப்பும் உண்டு. இவ்விரு விடுப்புகளில் எதில் இருக்கும் பெண்ணையும் வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம்.

நோயுற்ற தொழிலாளிக்கு, 1948-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஏற்பட்ட இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் துணை நிற்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெற்று, அதில் சந்தா செலுத்தி வருபவர் நோய்வாய்ப்பட்டால், ஆண்டுக்கு 91 நாள் வரையில் சம்பளத்தின் 70 சதவீதம் அவருக்குக் கிடைக்கும். காசம், புற்றுநோய் போன்ற நெடுநோய்களுக்கு அந்த உதவி மேலும் நீளும். மாதந்தோறும் சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கப்பட்டும், அதற்குப் பிரதியாகத் தமக்கு உரியது இன்னதென்று அறியாமல், காய்ச்சலோடு இயந்திரத்தின் முன் நிற்பவர்கள் அநேகர். உரிமையை அறியாதவன் அதைக் கேட்பதில்லை. கேட்காதவனுக்குத் தானாக வந்து தருபவரும் இல்லை. ஆகையால், வேலைக்குச் சேரும் அன்றே இவற்றைத் தமிழில் எழுதிக் கையில் கொடுப்பது ஒவ்வொரு நிர்வாகத்தின் கடமையாக வேண்டும்.

ஆனால், பக்கவாதத்தால் விழுந்த தந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இரவும் பகலும் அருகிருக்கும் மகனுக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்த தாயைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும், தனியார் வேலையில் அதற்கென்று சட்டப்படியான விடுப்பு ஒரு நாள்கூட இல்லை. குழந்தை பெற்ற மனைவிக்குத் துணையிருக்க மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் கிடைக்கிறது. தனியார் ஊழியருக்கோ அது நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்தது. விளைவு என்ன? பொய்யே பேசாத மனிதர் தமக்கே காய்ச்சல் என்று சான்றிதழ் வாங்க நேர்கிறது. அதுவும் இயலாத இடத்தில், குடும்பத்தில் குறைந்த சம்பளம் வாங்குபவர், பெரும்பாலும் பெண், வேலையை விட்டு வீட்டில் அமர்கிறார்.

பிற தேசங்கள் இதை யோசித்திருக்கின்றன. அமெரிக்காவில் 1993-ல் இயற்றிய சட்டம், 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில், பெற்றோர், துணைவர், குழந்தை ஆகியோரின் கடும் நோய்க்காக 12 வார விடுப்பும், திரும்பி வந்தால் அதே வேலையோ அதற்கு நிகரானதோ கிடைக்கும் உறுதியும் தருகிறது. எனினும் அந்த விடுப்புக்குச் சம்பளம் இல்லை. அன்றாடச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஏழைக்கு அதனால் பிரயோஜனம் சொற்பமே. ஜப்பானோ, பராமரிப்புத் தேவைப்படும் குடும்பத்தினர் ஒருவருக்கு மொத்தம் 93 நாள் விடுப்பை அனுமதித்து, சம்பளத்தின் 67 சதவீதத்தை வேலைக் காப்பீட்டு நிதியிலிருந்து தருகிறது.

சிறு தொழில் நடத்துபவர் இந்தச் செலவை எப்படித் தாங்குவார் என்ற கேள்வி நியாயமானதே. பாரத்தை ஒரே முதலாளியின் தலையில் ஏற்றினால், அவர் பொறுப்புள்ள பெண்ணையும் குடும்பஸ்தரையும் வேலைக்கு எடுக்கவே தயங்குவார். அம்பேத்கர் அன்று சொன்ன தத்துவத்தின் பொருள் இங்கேதான் விளங்குகிறது: சமூகம் முழுவதற்கும் நன்மை தரும் காரியத்தின் செலவைச் சமூகமே பகிர்ந்துகொள்ள வேண்டும். அதற்குரிய ஏற்பாடும் நம்மிடம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. நிதிக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் இப்போதே செலுத்துகிறார்கள். அரசும் ஒரு பங்கு சேர்த்து, ஆண்டுக்குச் சில வாரப் பராமரிப்பு விடுப்பை அதே நிதியின் வழியே, ஆண் பெண் பேதமின்றி வழங்கலாம். தொடக்கத்தில் 15 நாளே கொடுத்தாலும், அது பிச்சையாக அன்றி உரிமையாகக் கிடைக்கும். இந்த உரிமைகளின் எல்லைக்கு வெளியே நிற்கும் வீட்டு வேலைக்காரரும் அடுத்தபடியாக அதில் சேர வேண்டும்.

பெற்றோரைப் பேணுவது தர்மம் என்று நாம் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். 2007-ஆம் ஆண்டின் சட்டத்தால் அதைச் சட்டக் கடமையாகவும் ஆக்கிவிட்டோம். கடமையைச் சுமத்திய அரசு, அதை நிறைவேற்ற வேண்டிய அவகாசத்தையும் தந்தாக வேண்டும். தராத வரையில் அந்தச் சட்டம் பாதிச் சட்டமே.